பிளக்கைப் பிடுங்கும் கைக்கும் பொறுப்பு உண்டு

ஜோலார்பேட்டை சந்திப்பில் விடியற்காலையில் ஊர் இரண்டாகப் பிரியும். ஒரு கூட்டம் பெங்களூரு வண்டிக்காக நிற்கும். இன்னொரு கூட்டம் வாணியம்பாடி, ஆம்பூர் பக்கம் போகக் காத்திருக்கும். முதல் கூட்டத்தில் கம்ப்யூட்டர் காண்ட்ராக்ட் வேலைக்குப் போகும் பிள்ளைகள் கணிசமாக இருப்பார்கள். இரண்டாவது கூட்டத்தில் ஷூ கம்பெனிக்கும் தோல் ஷாப்புக்கும் போகும் பெண்கள். ஒரே வீட்டில் அம்மா ஆம்பூரில் ஷூவுக்கு மேல்பாகம் தைக்கிறார், மகன் பெங்களூரில் சர்வர் கழற்றுகிறான் என்பது இங்கே அதிசயமில்லை. இந்த இரண்டு பிழைப்பும் நேருக்கு நேர் சந்தித்துக்கொள்ளும் இடம் ஒன்று உண்டு. அது கம்பெனியின் பழைய சம்பளக் கணினி.

அதைப் பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறோம். கணக்கர் அறையின் மூலையில் தூசி மூடிய பெட்டி. ஸ்விட்சைப் போட்டால் தேதி 1-1-1980 என்று காட்டும். உள்ளேயுள்ள பொத்தான் பேட்டரி செத்துப் பல வருஷம் ஆகியிருக்கும். கறுப்புத் திரையில் ஃபாக்ஸ்புரோ. யாரோ ஒரு உள்ளூர் புரோகிராமர் எழுதிக்கொடுத்துவிட்டுப் போன சம்பள மென்பொருள். பக்கத்தில், வரி வரியாகக் கத்திக்கொண்டு அச்சடிக்கும் டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர். உள்ளே டோக்கன் நம்பர், பெயர், தகப்பன் அல்லது கணவர் பெயர், சேர்ந்த தேதி, வேலை செய்த நாள், பிடித்த பி.எஃப்., கொடுத்த சம்பளம். எல்லாம் அதில்தான் இருக்கும்; பல இடங்களில் அதில் மட்டும்தான் இருக்கும்.

இந்தப் பெட்டிகளுக்கு இப்போது முடிவுகாலம். ஃபாக்ஸ்புரோவுக்கு மைக்ரோசாஃப்ட் 2015 ஜனவரியிலேயே கையை விரித்துவிட்டது. விண்டோஸ் 10-க்கான இலவசப் பாதுகாப்பு 2025 அக்டோபர் 14-ஆம் தேதி நின்றது. ஏற்றுமதி வாங்குபவர்கள் இ.ஆர்.பி. என்ற நவீன நிர்வாக மென்பொருள் கேட்கிறார்கள், ஆடிட்டர் கேட்கிறார். ஆகவே பழையதை நிறுத்தி, டிஸ்க்கை அழித்து, பெட்டியை எடைக்குப் போடும் வேலை காண்ட்ராக்டாக வருகிறது. பெரிய நிறுவனத்துக்குப் பெரிய காண்ட்ராக்ட். சின்ன தோல் ஷாப்புக்கு, ஊரில் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருக்கும் தம்பி. வேலை ஒன்றுதான்.

இந்த வேலையை எடுக்கலாமா என்று கேட்டால் எடுக்கலாம் என்பதே நம் பதில். பழைய கணினியை மூடுவது பாவமல்ல. ஆனால் உள்ளே யாருடைய கணக்கு இருக்கிறது, அது எங்கே போகப்போகிறது என்று கேட்காமல் எடுப்பது தவறு. அந்தக் கணக்கு அழிந்தால்தான் முதலாளிக்கு லாபம் என்று தெரிந்தும் எடுப்பது அயோக்கியத்தனம். இதைவிட மென்மையான சொல் நம்மிடம் இல்லை.

ஏன் இவ்வளவு கடுமை? பி.எஃப். கணக்கைப் பாருங்கள். ஊழியர் ஓய்வூதியத் திட்டம் 1995 நவம்பர் 16-இல் நடைமுறைக்கு வந்தது. மொத்தம் 10 ஆண்டு பணி இருந்தால்தான் 58 வயதில் மாத ஓய்வூதியம். கம்பெனி மாறினாலும் கூடவே வரும் 12 இலக்க யு.ஏ.என். எண் 2014 அக்டோபரில்தான் வந்தது. கம்பெனிகள் மாதாமாதம் இணையம் வழியே கணக்குத் தாக்கல் செய்யும் முறையே 2012 ஏப்ரலில் தொடங்கியதுதான். அதற்கு முன்னால் ஆண்டுக்கு ஒருமுறை காகிதத்தில் 3ஏ, 6ஏ படிவங்கள். கம்பெனிக்கு ஒரு எண். நான்கு கம்பெனியில் தைத்த பெண்ணுக்கு நான்கு எண். எதுவும் எதோடும் ஒட்டாது.

பி.எஃப். அலுவலகத்திலும் ஒரு பிரதி இருக்கவேண்டும் என்பது உண்மைதான். இருந்தால் நல்லது. இல்லாதபோதோ, பெயரும் தேதியும் பொருந்தாதபோதோ என்ன நடக்கும் என்பதை இந்தப் பகுதியில் விண்ணப்பம் எழுதிக்கொடுக்கும் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். கல்யாணத்துக்கு முன் அப்பா பெயரின் முதலெழுத்து, பின் கணவர் பெயரின் முதலெழுத்து. ஆதாரில் ஒரு எழுத்துக்கூட்டல், சம்பளப் பட்டியலில் இன்னொன்று. கவுன்ட்டரில் வரும் பதில் ஒன்றுதான்: "பழைய கம்பெனில இருந்து லெட்டர் வாங்கிட்டு வாங்கம்மா." கம்பெனி இருந்தாலும், அந்தக் கம்பெனியின் பெட்டி இருக்கிறதா?

இழப்பு எவ்வளவு என்று கணக்குப் போடுவதும் எளிது. ஓய்வூதியச் சம்பளத்தைப் பணி ஆண்டுகளால் பெருக்கி 70-ஆல் வகுக்கவேண்டும். சம்பளம் 10,000 ரூபாய், பணி 18 ஆண்டு என்றால் மாதம் 2,571 ரூபாய். அதில் எட்டு ஆண்டுக்கு ஆதாரம் இல்லாமல் போனால் 1,428 ரூபாய். மாதத்துக்கு 1,143 ரூபாய், சாகும்வரை. ஆதாரமுள்ள பணி ஒன்பது ஆண்டாகச் சுருங்கிவிட்டால் மாத ஓய்வூதியமே கிடையாது. கையில் ஒரு தொகையைக் கொடுத்து அனுப்பிவிடுவார்கள். 2014 செப்டம்பரிலிருந்து குறைந்தபட்ச ஓய்வூதியம் ஆயிரம் ரூபாய். அந்த ஆயிரத்துக்கும் வழியில்லை.

பழைய சம்பளக் கணக்குக்கு என்ன மதிப்பு என்று நாடே பார்த்த சம்பவம் ஒன்று அண்மையில் நடந்தது. கூடுதல் ஓய்வூதியம் பற்றி உச்ச நீதிமன்றம் 2022 நவம்பர் 4-இல் தீர்ப்பளித்தது. விண்ணப்பிக்கும் கடைசி நாள் 2023 மே 3-இலிருந்து தள்ளிப்போய் ஜூலை 11-இல் முடிந்தது. பதினேழு லட்சத்துக்கும் மேற்பட்ட விண்ணப்பங்கள் வந்தன. ஒவ்வொன்றுக்கும் பல ஆண்டுச் சம்பள விவரத்தை முதலாளிகள் ஏற்றவேண்டும். அந்தக் கெடு மட்டும் மீண்டும் மீண்டும் நீண்டு 2025 ஜனவரி 31-இல் வந்து நின்றது; 2024 டிசம்பரிலும் 3.1 லட்சம் விண்ணப்பங்கள் முதலாளிகள் பக்கமே தேங்கிக் கிடந்தன. தேங்கியதற்குப் பல காரணங்கள் இருந்திருக்கலாம். ஆனால் இருபது வருஷத்துக்கு முந்தைய சம்பளப் பட்டியலைத் தேடிப்பிடிப்பது எவ்வளவு சிரமம் என்பதை அந்த இரண்டு ஆண்டுகளில் இந்தியா முழுவதும் மனிதவளத் துறைகள் உணர்ந்தன. அவர்களாவது சம்பள உச்சவரம்புக்கு மேல் வாங்கியவர்கள், சங்கமும் வக்கீலும் உள்ளவர்கள். ஆம்பூரில் தைக்கும் பெண்ணுக்கு அந்தச் சண்டையே எட்டாத உயரம். அவர் கேட்பது பத்து ஆண்டு வேலை செய்தேன் என்பதற்கு ஓர் அத்தாட்சி.

இன்னொரு பழைய கணினியையும் இங்கே நினைவுபடுத்த வேண்டும். ஜோலார்பேட்டைக்காரர்களுக்கு அது தினசரி உறவு. ரயில்வேயின் முன்பதிவுக் கணினி. 1980களின் நடுவில் டெல்லியில் தொடங்கி வளர்ந்தது அது. இப்போது ஓடுவது 2010-இல் இட்டானியம் சர்வர்களிலும் ஓப்பன் வி.எம்.எஸ்.ஸிலும் நிறுவியது. இட்டானியம் சிப்களை அனுப்புவதை இன்டெல் 2021-லேயே நிறுத்திவிட்டது. ஆகவே மாற்றித்தான் ஆகவேண்டும். நிமிடத்துக்குச் சுமார் 25,000 டிக்கெட் என்பதை ஒரு லட்சத்துக்கு மேல் கொண்டுபோகும் புதிய அமைப்பு கட்டப்படுவதாக அரசு 2025-இல் அறிவித்தது. இதில் பழையதைக் கழற்றும் வேலையை யார் எடுத்தாலும் குறை சொல்ல எதுவுமில்லை.

கவனிக்கவேண்டியது வேறு. ரயிலில் 60 நாளுக்கு முன்பே டிக்கெட் எடுக்கலாம். பழைய கணினியில் இன்று எடுத்தவர், இடையில் கணினியே மாறினாலும், அறுபதாம் நாள் ஏறி உட்கார்ந்தாக வேண்டும். ஒரு பெயர் விடுபட்டாலும் பிளாட்பாரத்தில் ரகளை. அன்று மாலையே செய்தி. அந்த பயமே கழற்றுகிறவரைப் பொறுப்பாக நடக்க வைக்கும். தோல் ஷாப்பின் சம்பளக் கணினியில் உள்ள பெயருக்கு அறுபது நாள் அல்ல, இருபது வருஷம் கழித்துத்தான் வேலை வரும். அன்றைக்குக் கழற்றியவர் எங்கேயோ இருப்பார், முதலாளி மாறியிருப்பார், கம்பெனியின் பெயர்ப்பலகைகூட இருக்காது. 58 வயதுப் பெண்மணி தனியாகக் கவுன்ட்டரில் நிற்பார். அவர் ரகளை செய்யமாட்டார். வீட்டுக்குத் திரும்பிப் போய்விடுவார். நம் விஷயத்தில் அறம் என்று ஏதாவது இருந்தால் அது இங்கேதான் இருக்கிறது: சத்தம் போடப்போகாதவரின் கணக்கை எப்படிக் கையாளுகிறோம் என்பதில்.

"நாங்க மெஷினை நிறுத்தத்தான் வர்றோம் சார், உள்ள என்ன இருக்குங்கிறது முதலாளி பாடு" என்பார்கள் காண்ட்ராக்ட் எடுப்பவர்கள். இந்தப் பதிலை இந்த மண் முன்பே கேட்டிருக்கிறது. ராணிப்பேட்டை சிப்காட் தொழிற்பேட்டையில் தமிழ்நாடு குரோமேட்ஸ் ஆலை 1990களின் நடுவில் மூடப்பட்டது. மெஷின் நின்றது, சம்பளம் நின்றது, கேட்டில் பூட்டு விழுந்தது. ஒன்றரை லட்சம் டன்னுக்கும் மேற்பட்ட குரோமியக் கழிவு மட்டும் வெட்டவெளியில் கிடந்தது. ஒவ்வொரு மழைக்கும் மஞ்சளாகக் கசிந்தது. மூடுவது என்றால் பூட்டுவது அல்ல என்று அந்தக் குவியல் பல பத்தாண்டுகளாகச் சொல்லிக்கொண்டிருக்கிறது.

வேலூர் குடிமக்கள் நல மன்ற வழக்கில் நீதிபதி குல்தீப் சிங் அமர்வு 1996 ஆகஸ்ட் 28-இல் அளித்த தீர்ப்பும் இதைத்தான் சட்டமாக்கியது. மாசுபடுத்தியவரே செலவை ஏற்கவேண்டும், முன்னெச்சரிக்கை வேண்டும் என்ற இரண்டு கொள்கைகளும் இந்த நாட்டின் சட்டத்தின் அங்கம் என்று உறுதிப்பட்டது, பாலாற்றங்கரைத் தோல் ஷாப்புகளின் வழக்கில்தான். ஆறு கெட்டதற்கான இழப்பீடும் சீரமைப்பும் முடியாமல், 2025 ஜனவரி 30-இல் உச்ச நீதிமன்றம் மறுபடியும் கண்டித்துக் கண்காணிப்புக் குழு அமைக்க உத்தரவிட நேர்ந்தது. விட்டுச்செல்லும் சேதத்துக்கு விட்டுச்செல்பவர் பொறுப்பு என்பதை இந்தியாவுக்குக் கற்றுக்கொடுத்த வட்டாரம் இது. இங்கிருந்து போகும் பிள்ளை "உள்ள என்ன இருக்குன்னு எனக்குத் தெரியாது" என்று சொல்லக்கூடாது.

எதிர்த்தரப்பிலும் ஒரு நியாயம் உண்டு, அது அற்பமானதல்ல. டிஸ்க்கை அழிக்காமல் விட்டால் என்ன ஆகும்? ஆயிரக்கணக்கான பெண்களின் பெயர், முகவரி, வங்கிக் கணக்கு, ஆதார் எண் எல்லாம் காயலான் கடைக்குப் போய், அங்கிருந்து யார் கைக்குப் போகும் என்று சொல்லமுடியாது. 2023-இல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் காரியம் முடிந்ததும் தரவை அழிக்கச் சொல்கிறது. ஆகவே அழிப்பதுதானே ஒழுங்கு என்று கேட்கிறார்கள். சரிதான். ஆனால் அதே சட்டம், வேறு சட்டப்படி வைத்திருக்கவேண்டியதை வைத்திருக்கவும் சொல்கிறது. ஓய்வூதியம் கைக்கு வராதவரை அந்தப் பெண்ணின் பணிக்கணக்கில் காரியம் முடியவில்லை. டிஸ்க்கை அழி, கணக்கை அழிக்காதே. இரண்டும் வேறு வேறு வேலை. முதலாவதைச் சுத்தமாகச் செய்வதற்கு முன் இரண்டாவதை முடித்திருக்கவேண்டும்.

முதலாளிகளுக்குச் சாதகமாக வேறொரு கணக்கும் ஓடுகிறது. 2020-இல் நிறைவேறிய சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு, பி.எஃப். பாக்கி பற்றிய விசாரணையைத் தொடங்க ஐந்து ஆண்டு என்று எல்லை கட்டுகிறது. ஐந்து ஆண்டுக்கு மேல் கேள்வி வராது என்றால் பழைய பட்டியலை எதற்குச் சுமக்கவேண்டும் என்று அக்கவுன்டன்ட் யோசனை சொல்வார். பாக்கி கேட்கும் அரசுக்கு அது எல்லையாக இருக்கலாம். 25 வயதில் வேலைக்குச் சேர்ந்தவருக்கு ஓய்வூதியம் 33 ஆண்டு கழித்துத்தான். சட்டம் ஐந்தாண்டில் திரும்பிப் பார்ப்பதை நிறுத்திக்கொண்டாலும் மனிதர் நிறுத்திக்கொள்ள முடியாது.

கழற்றும் வேலையில் மறந்துபோகும் இன்னொரு ஆள், அந்த மெஷினை ஓட்டியவர். பல தோல் ஷாப்புகளில் ஒரே ஒரு கணக்கருக்குத்தான் அந்த ஃபாக்ஸ்புரோவின் சூட்சுமம் தெரியும். 'எக்ஸ்' என்று போட்டிருந்தால் பிரசவ விடுப்பு, '99' என்று போட்டிருந்தால் வேறு யூனிட்டுக்கு மாற்றிய ஆள் என்று அவர் மனதில்தான் இருக்கும், எங்கும் எழுதிவைத்திருக்காது. மெஷினோடு அவரையும் வீட்டுக்கு அனுப்பினால் மிஞ்சும் கோப்பு இருந்தும் இல்லாததற்குச் சமம். கனடா அரசு இதைப் பெரிய விலை கொடுத்துக் கற்றது. 2016 பிப்ரவரியில் நாற்பது ஆண்டுப் பழைய சம்பள அமைப்பை மூடி, 'ஃபீனிக்ஸ்' என்ற புதியதைக் கொண்டுவந்தார்கள், ஒப்பந்தம் ஐ.பி.எம். நிறுவனத்துக்கு. துறைதோறும் இருந்த அனுபவமுள்ள சம்பளக் கணக்கர்களை அதற்குள் நூற்றுக்கணக்கில் கழித்துக்கட்டியிருந்தார்கள். அரசு ஊழியர்கள் லட்சக்கணக்கில் சம்பளம் குறைந்தும் கூடியும் வராமலும் அவதிப்பட்டார்கள். 2018-இல் அந்நாட்டுத் தலைமைத் தணிக்கையாளர் அதைப் புரிந்துகொள்ளவே முடியாத தோல்வி என்று எழுதினார். பணக்கார நாடு, கூடுதல் பணம் கொட்டிச் சமாளித்தது. வாணியம்பாடியில் யார் கொட்டுவார்கள்?

சரி, காண்ட்ராக்ட் எடுக்கிறவர் என்னதான் செய்யவேண்டும்? விலை பேசும்போதே கேட்கவேண்டும்: இதில் தொழிலாளர் கணக்கு எந்த வருஷத்திலிருந்து இருக்கிறது, அதன் பிரதி எங்கே? பிரதி இல்லையென்றால் எடுத்துக்கொடுப்பதும் வேலையின் பகுதி என்று எஸ்டிமேட்டில் எழுதவேண்டும். சாதாரண எக்செல்லாகவோ சி.எஸ்.வி.யாகவோ, எந்த மென்பொருளும் இல்லாமல் திறக்கும்படி. முடிந்தால் 3ஏ படிவங்களை அச்சடித்து பைண்ட் செய்து. காகிதம் 2050-லும் திறக்கும். கணக்கரை உட்காரவைத்துக் குறியீடுகளுக்கு அர்த்தம் எழுதி வாங்கவேண்டும். பழைய தொழிலாளர் பத்துப் பேரையாவது கூப்பிட்டு அவரவர் வரியைப் படித்துக்காட்டிச் சரிபார்க்கவேண்டும். இத்தனைக்கும் ஆகும் கூடுதல் கூலி முதலாளியுடையது. மாசுபடுத்தியவர் செலவை ஏற்பதுபோல, மூடுகிறவர் மூடும் செலவை முழுதாக ஏற்கவேண்டும். அதன் பிறகு டிஸ்க்கை மீளமுடியாதபடி அழித்து, பெட்டியை அங்கீகாரம் பெற்ற மறுசுழற்சியாளரிடம் கொடுக்கட்டும். 2023 ஏப்ரலிலிருந்து நடைமுறையில் உள்ள மின்கழிவு விதிகள் கேட்பதும் அதுதான்.

எப்போது மறுக்கவேண்டும் என்பதில் நமக்குத் தயக்கமில்லை. சம்பள பாக்கியோ கிராஜுவிட்டி பாக்கியோ வைத்துக்கொண்டு ஆலையை இழுத்து மூடும் முதலாளி, "நைட்டோட நைட்டா முடிச்சுடு தம்பி, ரேட்டு பார்த்துக்கலாம்" என்று கூப்பிட்டால் போகக்கூடாது. பி.எஃப். விசாரணையோ தொழிலாளர் நீதிமன்ற வழக்கோ நடக்கிறது என்று தெரிந்தால் அந்த டிஸ்க்கைத் தொடவே கூடாது. அது வெறும் அறப்பிரச்சினையும் அல்ல. சாட்சியமாக வரக்கூடிய ஆவணத்தையோ மின்னணுப் பதிவையோ அப்படி வராமல் தடுக்க அழிப்பதற்கு, பாரதிய நியாய சன்ஹிதாவின் 241-ஆம் பிரிவு மூன்று ஆண்டுவரை சிறை வைத்திருக்கிறது. அழித்தது சர்வீஸ் கடைத் தம்பி, கையெழுத்துப் போட்டது அவர், மாட்டப்போவதும் அவர்தான்.

"நான் எடுக்கலேன்னா வேற ஒருத்தன் எடுப்பான், அவன் இன்னும் மோசமா செய்வான்" என்கிற வாதத்தில் பாதி உண்மை இருக்கிறது. அதனாலேயே, எல்லோரும் இந்த வேலையை விட்டு ஓடுங்கள் என்று நாம் சொல்லவில்லை. நல்லவர்கள் எடுத்து ஒழுங்காகச் செய்யவேண்டிய வேலை இது. ஆனால் இன்னொருவன் மோசமாகச் செய்வான் என்பது நான் அரைகுறையாகச் செய்வதற்கு லைசென்ஸ் ஆகாது. மாதத் தவணையோடு பெங்களூரில் அறை வாடகை கட்டும் பிள்ளைக்கு முழுக் காண்ட்ராக்டை மறுக்கும் சக்தி இல்லாமல் இருக்கலாம். கேள்வி கேட்டு மின்னஞ்சலில் பதிவு செய்யும் சக்தி எவருக்கும் உண்டு. அந்த ஒரு மின்னஞ்சல் பின்னாளில் ஒரு பெண்ணின் அத்தாட்சியாகவும் எழுதிய பிள்ளையின் தற்காப்பாகவும் நிற்கும்.

பெரும்பொறுப்பு முதலாளிகளுடையது என்பதையும் சொல்லாமல் விடமுடியாது. தனித்தனியாகக் கழிவுநீரைச் சுத்திகரிக்க இயலாத சிறிய தோல் ஷாப்புகள் சேர்ந்து ஆம்பூரில் ஆம்பூர்டெக், வாணியம்பாடியில் வானிடெக், ராணிப்பேட்டையில் ரானிடெக் என்று பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் கட்டின. நீதிமன்றம் கழுத்தைப் பிடித்த பிறகுதான் வேகம் வந்தது என்றாலும், சேர்ந்து கட்டமுடியும் என்பதற்கு அவை சான்று. அதேபோல மூடிய, மூடப்போகும் கம்பெனிகளின் தொழிலாளர் கணக்குகளுக்கு ஒரு பொதுப் பதிவகத்தைத் தோல் தொழில் சங்கங்கள் ஏற்படுத்தவேண்டும். கழிவுநீர் நிலையத்தோடு ஒப்பிட்டால் செலவு சொற்பம். ஒரு அறை, இரண்டு சர்வர், ஒரு பொறுப்பாளர். வேலூர் பி.எஃப். அலுவலகம் அந்தப் பதிவுகளைச் செல்லுபடியாகும் ஆதாரமாக ஏற்கவேண்டும். வருவாய்த் துறை நூறு வருஷத்துக்கு முந்தைய நிலக் கணக்கைப் பாதுகாக்கிறது. உழைத்த கணக்கு மட்டும் ஏன் எடைக்குப் போகவேண்டும்?

சங்கங்கள் பதிவகம் கட்டும்வரை காத்திருக்க வேண்டாம். 2014-க்கு முன் வேலை செய்த ஒவ்வொருவரும், அல்லது அவர்களின் பிள்ளைகளும், இந்த வாரமே பி.எஃப். இணையதளத்தில் யு.ஏ.என். போட்டு 'சர்வீஸ் ஹிஸ்டரி' பகுதியைப் பாருங்கள். பழைய கம்பெனி அதில் காணோம் என்றால், அந்தக் கம்பெனியின் கேட் திறந்திருக்கும்போதே, பழைய மெஷினில் கரன்ட் இருக்கும்போதே போய், 3ஏ படிவ நகலும் சேர்ந்த தேதி, விலகிய தேதிக்கான கடிதமும் எழுத்தில் கேளுங்கள். தரமுடியாது என்றால் அதையும் எழுத்தில் வாங்குங்கள்.